துருவுக்கு மேல் பெயின்ட்

ஒரு பழைய கார். வயது அறுபதை நெருங்குகிறது. மூன்று வாரத்தில் அதைப் புதுசாக்க வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நேரே ஒரு பெயின்டரிடம் போவீர்கள். என் நண்பரும் அதைத்தான் செய்தார்.

நண்பருக்குச் சொந்த ஊர் அனந்தபுரம். செஞ்சிக்குப் பக்கம். தாத்தா அந்தக் காலத்து மணிலா வியாபாரி. மணிலா என்றதும் பிலிப்பைன்ஸுக்குப் போய்விடாதீர்கள். தென்னார்க்காட்டுக்காரர்களுக்கு அது வேர்க்கடலை. மல்லாட்டை என்றும் சொல்வார்கள். ஒரு வருஷம் விளைச்சலும் விலையும் சேர்ந்து கைகொடுக்க, 1966ல் தாத்தா ஒரு கார் வாங்கினார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏறி உட்கார முடியும். அந்தக் காரை மதராஸிலிருந்து ஊருக்குக் கொண்டு வந்தபோது, முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த இளைஞர் நண்பரின் அப்பா. அவருக்குத்தான் சென்ற கார்த்திகையில் ஆயிரம் பிறை விழா. அன்றைக்கு அப்பா அதே காரில் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை.

இன்ஜின் பிரச்னை செய்யவில்லை. ஒரு மெக்கானிக் நாலு நாள் உட்கார்ந்து அதைப் பேச வைத்துவிட்டார். பிரச்னை, மேலே. பானெட்டிலும் மட்கார்டிலும் கதவின் அடிப்பக்கத்திலும் பெயின்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி பொரிந்து கிடந்தது. விரலால் தொட்டால் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் செம்பொடி.

திண்டிவனத்தில் விசாரித்தார்கள். முதலில் பார்த்த பட்டறையில் ஐந்தே நாள் என்றார்கள். "உப்புத்தாள் போட்டு ஒரு இழு இழுத்து, பட்டி வெச்சு, மேல ரெண்டு கோட்டு அடிச்சுக் குடுத்துடலாம் சார். பளபளன்னு ஆயிடும்."

இரண்டாவதாகப் பார்த்தவர் அறுபது வயதைத் தாண்டிய பெயின்டர். காரைச் சுற்றி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பொரிந்த இடங்களில் அதன் பின்பக்கத்தால் தட்டினார். சில இடங்களில் முனையால் குத்தினார். பிறகு சொன்னார்:

"கலர் அடிக்க ரெண்டு நாள் போதும் தம்பி. அதுக்கு முந்தின வேலைதான் வேலை. மழை வேற. மூணு வாரத்துல நான் முடிச்சுத் தர்றேன்னு சொன்னா அது பொய்."

நண்பருக்கு முகம் விழுந்துவிட்டது. ஐந்து நாளா, அல்லது எத்தனை நாள் என்றே தெரியாத இந்தப் பெரியவரா? எனக்கு போன் செய்து, "நீ என்ன சொல்ற?" என்றார்.

எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. நான் படித்தது பி.காம். ஆனால் கல்லூரியில் தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். வாங்கிய விலையில் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் கழிக்க வேண்டும். மிச்சத்தில் மறு வருஷம் அதே சதவீதம். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் மதிப்பு குறையுமே தவிர ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. துருவுக்கு இந்த இரக்கமெல்லாம் கிடையாது. அது பூஜ்யம் வரைக்கும் போகும். காகிதத்தில் எழுதுகிற தேய்மானம் அல்ல, நிஜமான தேய்மானம்.

அதனால் துருவைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தத் திண்டிவனத்துப் பெயின்டருக்குப் பின்னால் ஆயிரத்து அறுநூறு வருஷத்து அனுபவம் வரிசை கட்டி நிற்பது தெரிந்தது.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். துரு என்பது இரும்பின் மேல் படிகிற அழுக்கு அல்ல. துடைத்துவிட்டுப் போவதற்கு அது வெளியிலிருந்து வந்ததும் அல்ல. இரும்பேதான் துருவாக மாறுகிறது. தண்ணீரும் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. உப்பு இருந்தால் வேகம் பிடித்துவிடும். கடலோரத்து ஜன்னல் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள்.

அலுமினியமும் இதேபோல் காற்றில் மாறக்கூடியதுதான். ஆனால் அதன் மேல் உருவாகிற படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. இரும்பின் துருவுக்கு அந்த நல்ல குணம் இல்லை. அது பொலபொலவென்று இருக்கும். கடற்பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் அடியிலிருக்கும் நல்ல இரும்பை அரிக்கும். அது மட்டுமா? ஒரு துளி இரும்பு துருவாக மாறினால் முன்பு இருந்ததைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். மேலே பெயின்ட் அடித்து மூடினால் என்ன ஆகும்? அடியில் உப்பிக்கொண்டு வரும் துரு, பெயின்ட்டை நெம்பித் தூக்கும். விரிசல் விழும். விரிசல் வழியாக மறுபடி தண்ணீர். மறுபடி துரு.

அதாவது, துருவுக்கு மேல் அடிக்கிற பெயின்ட், துருவை நிறுத்துவதில்லை. நம் கண்ணிலிருந்து அதை மறைக்கிறது. அவ்வளவுதான். உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, அப்படியானால் துருவை நிறுத்துவது எது?

இதற்கு விடை டெல்லியில் நிற்கிறது. குதுப் மினார் வளாகத்தில் ஓர் இரும்புத் தூண். ஏழு மீட்டருக்குச் சற்று மேல் உயரம். ஆறு டன்னுக்கு மேல் எடை. இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தது என்கிறார்கள். வெயில், மழை, பனி, டெல்லியின் புகை எல்லாவற்றையும் சுமார் 1600 வருஷங்களாக வாங்கிக்கொண்டு நிற்கிறது. இன்னும் துரு அதைத் தின்னவில்லை. ஏன்?

மந்திரம் என்றார்கள். மறந்துபோன ரகசியக் கலவை என்றார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இந்தத் தூணையே தன் வாழ்நாள் ஆராய்ச்சிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். 2009ல் மறைந்த அவர் கண்டு சொன்ன விஷயத்தில் மந்திரம் இல்லை. அந்தக் காலத்துக் கொல்லர்கள் கரி போட்டு உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் நிறையத் தங்கிவிட்டது. இன்றைய உருக்காலைகளில் பாஸ்பரஸ் வேண்டாத விருந்தாளி. இரும்பை நொறுங்க வைக்கும் என்று விரட்டிவிடுவார்கள். ஆனால் தூணில் அந்தப் பாஸ்பரஸ்தான் காவல்காரன். தூண் முதலில் துருப்பிடிக்கத்தான் செய்தது. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்து, அந்தத் துருவுக்கும் இரும்புக்கும் நடுவே பாஸ்பேட்டால் ஆன ஒரு மெல்லிய படலம் மெல்ல உருவானது. அது கெட்டியாக ஒட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது.

பாஸ்பேட். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியிலிருந்து நேராக இங்கிலாந்துக்குப் போகிறோம்.

1906ம் வருஷம். பிர்மிங்காம் நகரம். சைக்கிளிலிருந்து பேனா முள் வரை இரும்பில் எல்லாவற்றையும் செய்கிற ஊர். அங்கே தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் என்பவர் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பாஸ்பாரிக் அமிலம் கலந்த கொதிக்கும் கரைசலில் இரும்புச் சாமானைப் போட்டு எடுப்பது. வெளியே வரும்போது அதன் மேல் சாம்பல் கறுப்பில் ஒரு தோல் உருவாகியிருக்கும். பாஸ்பேட் தோல். டெல்லித் தூணுக்கு இயற்கை பல வருஷம் எடுத்துச் செய்ததை ஒத்த வேலையை, காஸ்லெட் மணிக்கணக்கில் செய்தார். டெல்லித் தூணின் ரகசியம் அப்போது யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை.

1915ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பார்க்கர் ரஸ்ட் புரூஃப் என்ற கம்பெனி இந்தத் தொழிலில் இறங்கியது. டெட்ராய்ட் என்றால் தெரியுமல்லவா? கார் ஊர். மணிக்கணக்கு, வருஷங்கள் போகப் போக நிமிடக் கணக்காகச் சுருங்கியது. இந்தத் தோலுக்கு இன்னொரு குணம் இருப்பதும் தெரிந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது படிகம் படிகமாக, சொரசொரப்பாக இருக்கும். பெயின்ட் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. வெறும் தகட்டின் மேல் அடித்தால் வழுக்குகிற பெயின்ட், இதன் மேல் வேர்விட்டு நிற்கிறது.

கார்களின் நிறத்துக்கும் இதே காலத்தில் ஒரு கதை உண்டு. ஃபோர்டின் மாடல் டி கார் 1914லிருந்து 1925 வரை கறுப்பில் மட்டும்தான் வந்தது. 1920களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸும் டுபான்ட்டும் சேர்ந்து டூக்கோ என்ற புதுவகை பெயின்ட்டைக் கொண்டு வந்தன. மணிக்கணக்கில் காய்ந்துவிடும். நீலம், பச்சை என்று கேட்ட நிறம் கிடைக்கும். ஜனங்கள் நிறத்தைப் பார்த்துக் கார் வாங்க ஆரம்பித்தார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத பழக்கம் இன்று வரை தொடர்கிறது.

வெளிநாட்டுக் கதை போதும். இதே சமாசாரத்தின் இன்னொரு பாதி நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடுக்காய்.

கலம்காரித் துணியில் அழுத்தமான கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்பு எப்படி வருகிறது தெரியுமா? துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காய வைப்பார்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு கரைசல் தயாரிப்பார்கள். இந்தக் கரைசலைத் தொட்டு அந்தத் துணியில் கோடு இழுத்தால் கறுப்பு பிடித்துக்கொள்ளும். துவைத்தாலும் போகாது. கடுக்காயில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து கரையாத ஒரு கறுப்புப் பொருளாக மாறிவிடுகிறது. பழைய காலத்து எழுது மையின் சூத்திரமும் இதுவே.

இன்று ஹார்டுவேர் கடைகளில் துரு மாற்றி என்று ஒரு திரவம் விற்கிறார்கள். தடவினால் செந்துரு கருநீலமாக மாறும். பல பிராண்டுகளில் உள்ளே இருப்பது இந்த டானின்தான். உடனே கடுக்காயை இடித்துக் காரில் பூசிவிடாதீர்கள். கடையில் விற்பதில் அந்தப் படலம் பிடித்து நிற்க வேறு சரக்குகளும் சேர்ந்திருக்கும். நான் சொல்ல வந்தது, துருவோடு சண்டை போடாமல் அதை இன்னொன்றாக மாற்றி அடக்கும் யோசனை நம் சாயக்காரர்களுக்குப் புதிதல்ல என்பது.

இனி அந்தக் காருக்கு வருவோம்.

1948. சுதந்தரம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகாத தேசம். அந்த வருஷம் நம் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. மதராஸில், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா உருவானது. அதே வருஷம் ஜூலை 25ம் தேதி காரைக்குடியில் நேரு ஓர் அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம். 1953 பொங்கல் சமயத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று, துருவை ஆராய்வது. நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் காயப்போட்டு, எந்த ஊர்க் காற்று எவ்வளவு வேகத்தில் தின்கிறது என்று அளந்து, இந்தியாவுக்கே ஓர் அரிமான வரைபடம் போட்டார்கள். கார் செய்யவும் துருவைப் படிக்கவும் தமிழ்நாடு ஒரே வருஷத்தில் ஆரம்பித்தது என்பது தற்செயல்தான். ஆனால் நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

ஸ்டாண்டர்டு தொழிற்சாலை வண்டலூருக்குப் பக்கத்தில், பெருங்களத்தூரில் இருந்தது. முதலில் வான்கார்டு. பிறகு ஸ்டாண்டர்டு டென். 1961ல் ஹெரால்டு.

இந்த ஹெரால்டு பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நம் பெயின்டரின் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு கார் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை, 1953ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. இனி முழு பாடியை ஒரே இடத்தில் அடித்து வாங்க முடியாது. என்ன செய்வது? துண்டு துண்டாகச் செய்து, தனிச் சட்டத்தின் மேல் போல்ட் போட்டுப் பூட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கலாட்டி. 1959ல் அங்கே அறிமுகமானது. பானெட்டைத் திறந்தால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுசாக முதலை வாய் மாதிரி தூக்கிக்கொள்ளும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம்.

கஷ்டத்தில் பிறந்த அந்த யோசனை இந்தியாவுக்கு வசதியாகப் போயிற்று. பெரிய எந்திரங்கள் இல்லாத ஊரிலும் பூட்டலாம். அடிபட்டால் அந்தத் துண்டை மட்டும் கழற்றலாம். துருப்பிடித்தாலும் அப்படியே. கழற்றி, இரண்டு பக்கமும் பார்த்து, வைத்தியம் செய்து, திரும்பப் பூட்டலாம்.

1966ல் அந்தக் கார் பெருங்களத்தூரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் வந்து, மேற்கே செஞ்சி ரோட்டில் திரும்பி, அனந்தபுரம் போய்ச் சேர்ந்தது. ஊரே வந்து தொட்டுப் பார்த்ததாம். இப்போது அதே கார் மினி லாரியில் ஏறித் திண்டிவனத்துக்கு வந்து நிற்கிறது.

நண்பர் பெரியவரிடமே வேலையைக் கொடுத்தார். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன்.

பெரியவர் முதலில் கேட்ட கேள்வி: "வண்டி எங்க நின்னுச்சு?"

"கொட்டகையில்தான் அண்ணே. தார்ப்பாய் போட்டு மூடித்தான் வெச்சிருந்தோம்."

"கொட்டகையில வேற என்ன இருந்துச்சு?"

நண்பர் யோசித்தார். உர மூட்டைகள். யூரியா, பொட்டாஷ். மழைக் காலத்தில் காரை ஒட்டித்தான் அடுக்குவார்கள்.

பெரியவர் சிரித்துவிட்டார். எனக்குப் பிறகுதான் புரிந்தது. கடைகளில் விற்கிற பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குப் பங்காளி. அனந்தபுரத்தில் கடல் கிடையாது. இவர்கள் கடலை மூட்டை கட்டிக் காருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, ஈரம் வெளியே போகாமல் தார்ப்பாய் வேறு.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய புல்லட்டோ அம்பாசடரோ இருக்கலாம்.

முதலில் தண்ணீர். நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினார். நன்றாகக் காயவிட்டார். பிறகு தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். இதைச் செய்யாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றுகிறோம் என்று அர்த்தம்.

அடுத்து, துருவைத் தரம் பிரித்தார். மேலாக ஆரஞ்சுப் பொடி படிந்தது ஒரு ரகம். தேய்த்தால் அடியில் பளிச்சென்று தகடு தெரியும். தேய்த்த பிறகும் கரும்புள்ளியாகக் குழிகள் மிஞ்சுவது இரண்டாவது ரகம். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விடுவது மூன்றாவது. "மூணாவதுக்கு மருந்தே கெடையாது தம்பி. அந்த எடத்த வெட்டிட்டுப் புதுத் தகடு வெச்சுப் பத்த வெக்கணும். அதுல போய்ப் பட்டிய அப்புறானுங்க பாரு..." கதவின் அடியில் இரண்டு இடங்களில் அப்படித்தான் இருந்தது. கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வைத்திருந்த துளைகள் மண் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து தின்றிருக்கிறது.

நல்ல வேளை, பானெட்டிலும் மட்கார்டிலும் பெரும்பாலும் முதல் இரண்டு ரகம். கம்பி பிரஷ். பிறகு 80ம் நம்பர் உப்புத்தாள். அதன் கீறல்கள் போக, நைஸான தாள். மூக்கில் மாஸ்க், ஏனென்றால் பழைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம். துரு இருந்த இடத்தோடு நிற்கவில்லை. நல்ல பெயின்ட் ஆரம்பிக்கிற இடம் வரை போய், அதன் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துத் தகட்டோடு தகடாக இழைத்தார். விளிம்பு படிக்கட்டு மாதிரி நின்றால் அங்கிருந்துதான் அடுத்த பொரிவு கிளம்புமாம்.

குழிகளில் மிஞ்சிய கரும்புள்ளிகளுக்கு ஒரு கேனிலிருந்து திரவம் எடுத்துப் பிரஷ்ஷால் தடவினார். கையுறை போட்டுக்கொண்டு. என்ன அது என்றேன். லேபிளைக் காட்டினார். பாஸ்பாரிக் அமிலம். டெல்லித் தூணும் பிர்மிங்காம் காஸ்லெட்டும் திண்டிவனத்தில் ஒரு பிளாஸ்டிக் கேனுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்! கொஞ்ச நேரத்தில் கருமை கலைந்து சாம்பல் நிறம் வந்தது. அதை அப்படியே விடவில்லை. மிச்ச அமிலத்தை வழித்துத் துடைத்து, உடனே சூடான காற்றைப் பாய்ச்சி உலர்த்தினார். அமிலம் மிச்சமிருந்தால் மேலே அடிக்கிற எபாக்ஸி பிரைமர் ஒட்டாது. ஈரம் மிச்சமிருந்தால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும். சில திரவங்களைக் கழுவக் கூடாது என்றே லேபிளில் போட்டிருப்பார்கள். எதை வாங்கினாலும் அதைப் படித்துச் செய்ய வேண்டும்.

நான் ஆர்வத்தில் தேய்த்த இடத்தைத் தொடப் போனேன். "கை வெக்காதீங்க சார்!" என்று அதட்டினார். வியர்வையிலும் உப்புதான். ஒரு கைரேகை போதும், அதே வடிவத்தில் துரு வரும்.

அன்றைக்கே பிரைமர் அடித்தாக வேண்டும். வெறும் தகடு ஓர் இரவுகூடத் திறந்து கிடக்கக் கூடாது. ஆனால் மழை தூறினால் அடிக்க மாட்டேன் என்றார். அதனால் ஒரு நாளில் எத்தனை தகட்டை முடிக்க முடியுமோ அத்தனையை மட்டுமே தேய்த்தார். மீதி காத்திருந்தன. கழற்றக்கூடிய பாடியாக இருந்ததால் இந்தத் தவணை முறை சாத்தியமாயிற்று. பட்டி? வைத்தார். ஆனால் பிரைமருக்கு மேல். பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் தகட்டில் வைத்தால் அதுவே துருவுக்குத் தொட்டில்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். புது பானெட் வாங்கிப் பூட்டிவிட்டால் என்ன?

எங்கே போய் வாங்குவது? விற்ற கம்பெனி இல்லையே. அது இல்லாமல் போன கதையும் துருவின் கதைதான்.

இங்கிலாந்தில் ஹெரால்டு 1971ல் நின்றுவிட்டது. இங்கே அதையே கொஞ்சம் மாற்றி 1972ல் கெஸல் என்று விட்டார்கள். அதுவும் சில வருஷம்தான். அதன் பிறகு காரே இல்லாமல், வேன் செய்துகொண்டு காலம் தள்ளினார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன கார், புது இன்ஜின், கொஞ்சம் பெட்ரோல். 1985ல் ஸ்டாண்டர்டு தன் பதிலைச் சொன்னது. ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தின் ரோவர் காருடைய கம்பீரமான உடம்பு. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். பானெட்டைத் திறந்தால்? உள்ளே இருந்தது, 1940களின் வான்கார்டு வம்சத்தில் வந்த பழைய இன்ஜின். பெரிய வண்டியை அது மூச்சு வாங்க இழுத்தது. பெட்ரோலைக் குடித்தது. 1988 வாக்கில் எல்லாம் முடிந்துவிட்டது.

துருவுக்கு மேல் பெயின்ட்!

உடம்பை மாற்றினார்கள், உள்ளே மாற்றவில்லை. லைசென்ஸ் கெடுபிடி, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, முதலீடு என்று அவர்கள் பக்கத்திலும் நியாயங்கள் இருந்திருக்கும். திண்டிவனத்து முதல் பட்டறைக்காரரிடமும் ஒரு நியாயம் இருந்தது. கஸ்டமருக்கு அவசரம். பளபளப்புக்குத்தான் காசு கிடைக்கிறது. அடியில் செய்த வேலைக்கு யார் பில் கேட்டுக் கொடுக்கிறார்கள்?

ஆக, தமிழ்நாட்டில் செய்து தமிழ்நாட்டு ரோடுகளில் ஓடிய ஒரு காரின் மிச்சமிருக்கும் தகடுகள்தான் அதன் கடைசித் தகடுகள். தவறான வைத்தியத்தில் ஒன்று போனால் போனதுதான்.

விழா நாள் வந்தது. கார் முடியவில்லை. பெரியவர் சொன்னபடியே. வெல்டிங் முடிந்து, துரு முழுக்க எடுத்து, பிரைமர் மட்டும் ஏறியிருந்தது. உடம்பெல்லாம் மங்கிய சாம்பல். எருமை நிறம். நண்பர் தர்மசங்கடத்தில் நெளிந்தார். வாடகைக்கு ஒரு பெரிய வெள்ளைக் கார் சொல்லியிருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் அதில்தான் மாலை கட்டினார்கள்.

அப்பா வெளியே வந்தார். இரண்டு காரையும் பார்த்தார். சாம்பல் காரின் கிட்டே போய், கதவின் அடிப்பக்கத்தைக் குனிந்து விரலால் தட்டினார். டங்கென்று சத்தம் வந்தது. பழைய தொளதொள சத்தம் இல்லை.

"இது போதும்டா" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரைவருக்குப் பக்கத்தில். 1966ல் உட்கார்ந்த அதே இடம்.

கலர் தை மாசம் அடித்தார்கள். இரண்டே நாள்தான் ஆயிற்று. கொட்டகையிலிருந்த உர மூட்டைகள் இப்போது வேறு இடத்தில் இருக்கின்றன.